முட்டுக்கட்டைக்காரரின் நடுப்பாதம்

டாக்டர் குலசேகரன் எலும்பு மருத்துவம் படிக்க வந்தபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. ஆசிரியராக வாய்த்த செசிலி மேடத்துக்கு நாற்பத்தொன்று.

மலையடிவார ஊரொன்றில் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் தேள்கடிக்கும் ஓடிக்கொண்டிருந்த மனிதர், தன் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் வயதில் தானும் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வார்டில் இருந்த இளம் டாக்டர்கள் அவருக்குச் 'சீடர்' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கு அவர் பிடித்துக்கொண்டது நடுப்பாதம். கால்விரல்களை நோக்கி ஓடும் ஐந்து நீள எலும்புகளும், அவற்றுக்குப் பின்னால் செங்கல் போல அடுக்கிய குட்டி எலும்புகளும் சந்திக்கும் இடம். அந்த மூட்டுகள் விலகினால் எந்தப் பக்கம், எவ்வளவு விலகின என்று பார்த்து வகை பிரிப்பார்கள். ஐந்தும் சேர்ந்து ஒரே பக்கம் போனால் ஒரு வகை. ஒன்றிரண்டு மட்டும் போனால் இன்னொன்று. பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் பிரிந்தால் வேறொன்று. விலகியும் விலகாமலும் இருப்பவற்றுக்கு நிலைகள் என்று தனிக் கணக்கு.

குலசேகரனுக்கு இதில் ஒரு குறை இருந்தது. எந்த வகையிலும் அடங்காத கால்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு கால்கூட வெளியே நிற்காதபடி வகைகளைத் திருத்தி எழுதிவிடுவது என்று அவர் உறுதி எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் மேடத்திடம் சொன்னார்: "உட்பிரிவைக் கூட்டிட்டே போனா எல்லாக் காலும் அடங்கிரும் மேடம்."

செசிலி மேடம் கடற்கரை ஊர்க்காரர். அப்பா வலை இழுத்தவர்.

"கண்ணி ரொம்பச் சின்னதாப் போச்சுன்னா வலை தண்ணியில இறங்காது குலசேகரன்" என்றார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

குலசேகரன் விடவில்லை. பிரித்துக்கொண்டே போனார்.

அந்த ஆண்டு தேரோட்டத்தின்போது ஆவுடையப்பன் வந்தார்.

காலையில் கிளம்பிய தேர் தெற்குத் தெரு முனையில் நின்றிருந்தது. அங்கே திரும்ப வேண்டும். சாயங்காலம் மறுபடி வடம் பிடிப்பார்கள். உருளும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் ஆவுடையப்பனின் வேலை. ஊரே இழுக்கும், தேர் அவர் சொன்னால்தான் நிற்கும். கட்டையைச் செருகிவிட்டுப் பின்னால் துள்ளியபோது வலது காலின் விரல்கள் கல் இடுக்கில் மாட்டிக்கொண்டன. கூட்டத்தில் யாரோ அவர் குதிகால் மேலேயே விழுந்துவிட்டார்கள்.

மச்சினன் பிச்சாண்டி அவரைத் தாங்கிக் கூட்டி வந்திருந்தான். அவனுடைய இன்னொரு தோளில் முட்டுக்கட்டை இருந்தது.

"இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று குலசேகரன் கேட்டார்.

"இதுதான் மொதக் கட்டை. அங்க வச்சிட்டு வந்தா தெரியாத ஆளு எடுத்துப் போட்டுருவான் சார்" என்றார் ஆவுடையப்பன். "சுளுக்குத்தான். ஒரு ஊசியப் போடுங்க. நாலு மணிக்குள்ள நான் போவணும்."

பாதம் வீங்கியிருந்தது. படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் எலும்புகள் வரிசை கலையாமல் இருந்தன. வேறு யாராவது என்றால் சுளுக்கு என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். குலசேகரன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் நாவற்பழக் கறை போல ரத்தம் கட்டியிருந்தது.

"இவரை நிக்க வச்சு, ரெண்டு காலையும் சேர்த்து இன்னொரு படம் எடுங்க."

நின்றபோது ஆவுடையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். படம் வந்தது. வலது காலில் முதல் எலும்புக்கும் இரண்டாவது எலும்புக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. இடது காலில் அது இல்லை.

குலசேகரன் ஸ்கேலை எடுத்து அளந்தார். இடைவெளி வரம்புக் கோட்டின் மேலேயே விழுந்தது. கொஞ்சம் குறைந்தால் முதல் நிலை. கட்டுப் போட்டு ஓய்வு கொடுத்தால் போதும். கொஞ்சம் கூடினால் இரண்டாம் நிலை. திறந்து திருகாணி போட வேண்டும். மறுபடி அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அளந்தார். இளம் டாக்டர் ஒருவரை அளக்கச் சொன்னார். அவர் வேறு அளவு சொன்னார்.

படத்தோடு மேடத்தின் அறைக்குப் போனார்.

"மேடம், இது முதல் நிலையா, ரெண்டாம் நிலையா?"

மேடம் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம் அதை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"ஆள் எங்க?"

தாழ்வாரத்தில் சக்கர நாற்காலியில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிச்சாண்டி கட்டையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தான்.

"தம்பி, அந்தக் கட்டையைக் கொஞ்சம் தர முடியுமா?" என்றார் மேடம்.

பிச்சாண்டி அத்தானைப் பார்த்தான். ஆவுடையப்பன் தலையசைத்தார்.

"செருப்பைக் கழத்திட்டுத் தொடணும் மேடம்" என்றான் அவன்.

"நான் இல்ல. இவர்."

குலசேகரன் செருப்பைக் கழற்றினார். கட்டையை வாங்கினார். அது அவர் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"நீங்க எப்படிப் போடுவீங்களோ, அப்படியே இவருக்குச் சொல்லிக் குடுங்க" என்றார் மேடம் ஆவுடையப்பனிடம்.

ஆவுடையப்பனுக்கு வலி மறந்துபோயிற்று. நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"குந்துங்க சார். இன்னும் நல்லா. வலது கால் பின்னால. குதிகால் தரையில படப்படாது. பட்டுச்சுன்னா துள்ள முடியாது. பாரம் பூரா அந்தக் காலோட முன்பாதத்துல நிக்கணும். ஆங். கட்டையை நீட்டுங்க. இந்தத் தூண்தான் சக்கரம். வருது... வருது... வை! துள்ளு!"

குலசேகரன் துள்ளினார். துள்ளவில்லை, மல்லாந்து விழுந்தார். வெளிநோயாளிகள் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எழுந்தார். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டியிருப்பார். பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார். மறுபடி குந்தினார். மறுபடி விழுந்தார். இன்னொரு முறை விழாமல் துள்ளினார்.

"அப்படியே குந்தியே இருங்க" என்றார் மேடம். "எழுந்திருக்க வேண்டாம். கட்டை கையிலயே இருக்கட்டும்."

குலசேகரன் இருந்தார். தொடை நடுங்கியது. நெற்றி வேர்வை கட்டையின் மேல் விழுந்தது. உடம்பின் கனமும் மரத்தின் கனமும் சேர்ந்து கீழே இறங்கி, பின்னால் ஊன்றிய பாதத்தின் நடுவில் ஓர் இடத்தில் போய்க் குவிவதை உணர்ந்தார். இத்தனை வருடமாகப் படங்களில் அளந்துகொண்டிருந்த இடம் அது. தன் காலில் அப்படி ஓர் இடம் இருப்பதையே அன்றைக்குத்தான் கண்டுகொண்டவர் போலக் குனிந்து பார்த்தார்.

"இப்போ உங்க கேள்வியைக் கேளுங்க" என்றார் மேடம்.

குலசேகரன் கேட்கவில்லை. கட்டையைப் பிச்சாண்டியிடம் கொடுத்துவிட்டு ஆவுடையப்பனின் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இது சுளுக்கு இல்ல. உள்ள எலும்பைக் கட்டி வச்சிருக்க நார் அறுந்திருக்கு. ஆப்பரேஷன் பண்ணணும். இன்னைக்கு நீங்க சக்கரத்துக்கிட்ட போகக்கூடாது."

"யார் திருப்புவா?"

"வேற ஆள்."

"வேற ஆள் கிடையாது சார்." ஆவுடையப்பன் குரல் உயரவில்லை. "எங்க அப்பா இருந்தார். இப்ப நான் இருக்கேன். அந்த முனையில தேர் ஒரு பக்கமா இறங்கும். தெரியாத ஆள் போட்டா கட்டை தெறிச்சு ஜனத்துமேல விழும். நீங்க காலைப் பாக்கீங்க. நான் தெருவைப் பாக்கேன்."

"துள்ளும்போது கால் மடங்கிச்சுன்னா நீங்க சக்கரத்துக்கு அடியில இருப்பீங்க."

"மடங்காது. நான் விட மாட்டேன்."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டார். காலைச் சுற்றி பேண்டேஜ் போட்டுக்கொண்டு, பிச்சாண்டியின் தோளைப் பிடித்து நொண்டியபடியே வெளியேறினார்.

குலசேகரன் மேடத்தின் அறைக்கு வந்தார்.

"போயிட்டார் மேடம். கையெழுத்து வாங்கிட்டேன்."

"சரி. அது நமக்கு மருந்து. அவருக்கு?"

குலசேகரன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை தாண்டியிருந்தது. வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினார்.

தெற்குத் தெருவுக்குள் ஆட்டோ போகவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தார். முனையில் தேர் மாடி வீடுகளுக்கு மேலாக எழுந்து நின்றது. வடம் தெரு முழுக்க நீண்டு கிடந்தது. ஆயிரம் பேர் அதன் இரண்டு பக்கமும் காத்திருந்தார்கள். வலது சக்கரத்தின் பக்கத்தில், அடுக்கி வைத்த கட்டைகளுக்கு நடுவே ஆவுடையப்பன் நின்றார். கல்லை உணர வேண்டும் என்று பேண்டேஜை அவிழ்த்துப் போட்டிருந்தார். பாதம் பன் போல உப்பியிருந்தது.

"தடுக்க வந்தீங்களா சார்?"

"இல்ல. ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுப் போயிருதேன்."

"என்னது?"

"இடது காலைத் தூக்கிக்கிட்டு இந்தக் கால்ல மட்டும் நில்லுங்க. நின்னு, குதிகாலை மேல எழுப்புங்க. எழுப்பிட்டீங்கன்னா நான் வாயத் திறக்க மாட்டேன். வடத்தைப் பிடிச்சு நானும் இழுக்கேன்."

"இவ்வளவுதானே" என்றார் ஆவுடையப்பன். சக்கரத்தில் கையை ஊன்றினார்.

"பிடிக்காம."

கையை எடுத்தார். வலது காலில் நின்றார். முகம் வெளுத்தது, ஆனாலும் நின்றார். குதிகாலை எழுப்பினார்.

அது எழும்பவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு மேலேறியது. கழுத்து நரம்பு புடைத்தது. குதிகால் ஒரு நூல் அளவு தரையைவிட்டுப் பிரிந்து, நடுப்பாதம் தொய்ந்து, பழையபடி கல்லில் உட்கார்ந்தது. அவர் குலசேகரனைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடைய காலோ என்பது போல. இன்னொரு தடவை முயன்றார். 

"ஏறல சார்."

"ஆமா."

"காலைல வரைக்கும் ஏறிச்சு."

குலசேகரன் ஓரடி முன்னால் வந்தார். அவரைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்தார். "மாப்ள" என்றார். "நீ போடு."

பிச்சாண்டி இரண்டடி பின்னால் போனான். "எனக்கு வராது அத்தான். நான் கட்டை எடுத்துக் குடுக்கவன்தான்."

"இத்தனை வருஷம் எங்கூட நின்னு என்னத்தப் பாத்த?"

"உங்களத்தான் பாத்தேன்."

"அப்ப இன்னைக்கும் என்னையவே பாரு. வேற எங்கயும் பாக்காத."

எதிர்க் கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. சக்கரத்துக்கு எதிரே, பிச்சாண்டியின் கண்ணுக்கு நேராகப் போட்டு ஆவுடையப்பன் உட்கார்ந்தார். குலசேகரன் பின்னால் நின்றார். தேர்த்தட்டில் இருந்தவர் துண்டை வீசினார். வடம் விறைத்தது. தேர் ஒரு முனகலோடு கிளம்பியது.

"வை!"

பிச்சாண்டி வைத்தான். சக்கரம் கட்டையில் ஏறிச் சறுக்கியது. கட்டை நசுங்கும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. தேரின் மூக்கு கொஞ்சம் திரும்பியது.

"அடுத்தது. உள்ள தள்ளி வை!"

இரண்டாவது கட்டை சரியாக உட்காரவில்லை. தெறித்து வீட்டுப் படியில் போய் மோதியது. ஜனங்கள் அலறிக்கொண்டு சிதறினார்கள். தேர் ஒரு பக்கமாக இறங்கியது. மூன்றாவது கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிச்சாண்டி சக்கரத்தையே பார்த்தபடி உறைந்து நின்றான்.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். வலது கால் தரையைத் தொடுவதற்குள் குலசேகரன் அவரை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டார். அந்த ஆளின் பாரம் முழுவதும் அவர்மேல் விழுந்தது. பின்னங்கால் வழுக்கியது, விரல்களை மடக்கிக் கல்லைப் பற்றிக்கொண்டார்.

"மாப்ள! சக்கரத்தைப் பாக்காத! என்னையப் பாரு!"

பிச்சாண்டி திரும்பினான்.

"குந்து. குதிகாலைத் தூக்கு. இரு... இரு... இப்பம்!"

கட்டை போய் உட்கார்ந்தது. பிச்சாண்டி துள்ளிப் பின்னால் விழுந்தான். தேர் நடுங்கி, சுழன்று, மேற்குத் தெருவைப் பார்த்து நின்றது. கூட்டம் எழுப்பிய சத்தத்தில் ஆவுடையப்பன் சொன்னது குலசேகரனுக்கு மட்டும்தான் கேட்டது.

"எப்ப சார் ஆப்பரேஷன்?"

"வீக்கம் வத்தட்டும்."

வீக்கம் வற்றியபின் அறுவை நடந்தது. மேடம் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, கத்தியைக் குலசேகரனிடம் கொடுத்தார். திறந்து பார்த்தபோது நார் முழுக்க அறுந்திருந்தது. விரலால் தொட்டதும் எலும்பு பக்கவாட்டில் நகர்ந்தது. உதவிக்கு நின்ற இளம் டாக்டர், "அப்ப ரெண்டாம் நிலைதான் சார்! நான் அளந்தது சரி" என்றார்.

"திருகாணி குடுங்க" என்றார் குலசேகரன்.

மாதங்கள் போயின. ஆவுடையப்பன் ஊன்றுகோலில் வந்தார், பிறகு கைத்தடியில் வந்தார். பிறகு திருகாணிகளை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டார்: அடுத்த தேருக்குப் போகலாமா? ஒவ்வொரு முறையும் குலசேகரன் சொன்னார்: தெரியாது அண்ணாச்சி, குதிகாலை எழுப்புங்க, பாப்போம். தினமும் வீட்டு வாசலில் நின்று எழுப்பிப் பார்ப்பதாகப் பிச்சாண்டி சொன்னான். வீட்டில் இருக்கும் குழந்தைகளெல்லாம் கூடச் சேர்ந்து எழுப்பிப் பழகுகிறார்களாம்.

குலசேகரனின் ஆய்வை ஒப்படைக்கும் நாள் நெருங்கியது. அவர் உட்பிரிவுகளில் பாதிக்குமேல் அடித்துவிட்டிருந்தார். மீதியை வைத்துக் கணக்குப் போட்டதில் ஒரு கால் மட்டும் மிச்சம் நின்றது.

அன்றைக்கு ஆவுடையப்பன் கைத்தடி இல்லாமல் வந்திருந்தார். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை எழுப்பினார். பாதி உயரம் ஏறியது. அங்கே நின்று நடுங்கியது. இறங்கவில்லை. அவர் எண்ண ஆரம்பித்தார். எண்ணி முடிக்குமுன் இறங்கிவிட்டது. "அடுத்த மாசம் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

குலசேகரன் காகிதங்களோடு மேடத்தின் அறைக்கு வந்தார்.

"எல்லாரையும் போட்டாச்சு மேடம். படம் ஒரு வகை சொல்லுது, திறந்து பாத்தப்ப வேற வகை, இப்ப கால் இருக்குற இருப்பு எதிலயும் சேரல. ஆவுடையப்பனை மட்டும் எங்க வைக்கன்னு தெரியல. நீங்களே சொல்லுங்க. அவர் எந்த வகை?"

மேடம் ஜன்னலைத் திறந்தார். கீழே, ஆஸ்பத்திரி முற்றத்தின் வெயிலில், வலது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஆவுடையப்பன் போய்க்கொண்டிருந்தார்.

"எப்படிச் சொல்றது?" என்றார் மேடம். "அவர் இன்னும் நடந்து முடிக்கலையே."